சுரண்டி எடுத்த எடை

மதுரையிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். படகுகளின் அடிப்புறத்தைக் கொட்டலசிடமிருந்து காக்கும் வாரியத்தின் மண்டல அலுவலகம் மதுரையில்தான் இருந்தது. சிம்மக்கல்லில், ஒரு வெல்ல மண்டியின் மாடியில். கடற்கரையில் வைத்தால் உப்புக் காற்றில் கோப்புகள் பிசுபிசுத்துப் போகும் என்று கண்டறிந்து இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள்.

கொட்டலசு என்பது கடலில் கிடக்கும் படகின் அடியில் ஒட்டி வளரும் சின்ன உயிர். மேலே சுண்ணாம்பு ஓடு இருக்கும். ஒட்டிய இடத்தை விட்டு ஆயுள் முழுக்க நகராது. படகின் எடையைக் கூட்டும், வேகத்தைக் குறைக்கும். தன்னைக் கடந்து போகும் தண்ணீரிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். படிக்கும்போது இப்படியும் ஓர் உயிர் பிழைக்க முடியுமா என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். வாரியத்துக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு அந்த ஆச்சரியம் போய்விட்டது.

எங்கள் ஊர் மேலூருக்கு அந்தப் பக்கம். ஒரு புறம் கண்மாய், மற்ற மூன்று புறமும் ஓடை. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை ஊர் தீவுதான். அதற்காக எழுபத்தெட்டாம் வருடம் ஒரு நிவாரணத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு படகு ஒதுக்கினார்கள். கர்ப்பிணிகள் கண்மாயைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான படகு. ஆகவே மனு ஒரு கர்ப்பிணியின் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி தங்கப்பொண்ணு அப்போது ஐந்து மாதம். அவள் பெயரில் மனுப் போட்டேன்.

படகு வந்தது. ஆனால் அடிப்புறத் தூய்மைச் சான்று இல்லாமல் எந்தப் படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று வாரியத்தின் விதி. படகை அலுவலக முற்றத்தில் செங்கல் அடுக்கிக் கவிழ்த்து வைத்தார்கள். நான் வாரம் ஒருமுறை போனேன். ஐப்பசியில் கோப்பில் "பயனாளி: எட்டு மாதம்" என்று எழுதிக்கொண்டார்கள். கார்த்திகையில் தங்கப்பொண்ணுக்கு வலி கண்டது. மழை. கட்டிலில் வைத்துக் கண்மாய்க் கரை வரை தூக்கிவந்தோம். அதற்கு மேல் போக வழியில்லை. மறுநாள் மதியம் அதே கட்டிலில் திரும்பத் தூக்கிப் போனோம். அவளையும் பிள்ளையையும்.

படகு முற்றத்திலேயே இருந்தது. ஒரு நாய் அதன் அடியில் இரண்டு முறை குட்டி போட்டுவிட்டது. நாய்க்குச் சான்று கேட்கவில்லை.

மறு வருடம் ஆவணியில் நான் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறியதற்குக் காரணம் இருளாயி. தங்கப்பொண்ணின் தங்கை. எங்கள் ஊரிலேயே மலையாண்டிக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு ஆறு மாதம். கணக்குப் போட்டால் கார்த்திகை. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கார்த்திகைக்கு முன் அந்தப் படகு எங்கள் கண்மாயில் இருக்க வேண்டும்.

அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கம். எல்லோரையும் மாப்ள என்பார். நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மாப்ள, ஒம் பொண்டாட்டி செத்துப்போச்சுன்னு இங்கன யார்கிட்டயாச்சும் சொல்லிருக்கியா?"

"இல்லண்ணே. யாரும் கேக்கல."

"நல்லதாப் போச்சு. சொல்லிறாத. பயனாளி இல்லேன்னா கோப்ப மூடிருவாங்கெ."

"கொழுந்தியா பேருல புதுசா ஒண்ணு போட்டா?"

"ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரணும். ஒன் கோப்பு பதினேழு மேசை தாண்டி வந்து நிக்கிது. அம்புட்டுத் தூரம் எங்க ஆபீஸ்ல எந்தக் கோப்பும் நடந்ததில்ல." அவர் கோப்பைத் திறந்து காட்டினார். "பாரு. எட்டு மாசம். இன்னைக்கும் எட்டு மாசந்தேன். கேட்டா எட்டுன்னு சொல்லு."

கோப்பில் தங்கப்பொண்ணு பத்து மாதங்களாக எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். சரி என்றேன்.

மண்டல அலுவலர் மாடியின் வடக்கு அறையில் இருந்தார். அவர் மேசை மேல் ஒரு பித்தளை நங்கூரம் இருந்தது. தாள் பறக்காமல் வைப்பதற்கு. சன்னல் வழியே வைகை தெரிந்தது. ஆற்றில் எருமைகள் மணலில் நடந்துகொண்டிருந்தன.

"எத்தன மாசம்?" என்றார், கோப்பைப் பார்த்தபடியே.

"எட்டு சார்."

"அப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. ஒக்காருங்க. ஒங்க படகுல ஒரு சிக்கல் இருக்கு. அடியில வெள்ளையா ஒரு படிவு. சந்தேகத்துக்குரியதுன்னு எல்லா ஆய்வுலயும் பதிவாயிருக்கு."

எனக்கு அந்தப் படிவு தெரியும். ஆய்வுக்கு முன் படகின் அடியைக் கடல்நீரால் கழுவ வேண்டும் என்று வாரியத்தின் கையேட்டில் இருந்தது. மதுரையில் கடல்நீர் கிடைக்காது. ஆகவே திங்கட்கிழமைதோறும் பியூன் சின்னான் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு படி உப்பைக் கரைத்து ஊற்றுவார். அதற்கென்று மாதம் ஒரு மூட்டை உப்பு வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காய்ந்து படகு வெள்ளையாகும். புதன்கிழமை அலுவலர் சுற்றிவந்து சந்தேகப்படுவார்.

"சார், அது நீங்க ஊத்துற உப்பு."

"இருக்கலாம். நிரூபிக்கணும்ல?"

"கொட்டலசு கடல்லதான் சார் இருக்கும். நல்ல தண்ணியில உயிரோட இருக்காது. எங்க கண்மாய் நல்ல தண்ணி. இந்தப் படகு இன்னும் தண்ணியிலயே எறங்கல. நான் விலங்கியல் படிச்சிருக்கேன்."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சிருக்கீங்க. கொட்டலசு படிச்சிருக்கா? நல்ல தண்ணியில இருக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியுமா?" பிறகு குரலை மாற்றிக்கொண்டார். பலமுறை சொன்ன குரல் அது. "தம்பி, இந்த மண்டலம் ஆரம்பிச்சு ஒம்போது வருசமாச்சு. இன்னைக்கு வரைக்கும் மதுரையில ஒரு படகுலயாவது கொட்டலசு ஒட்டியிருக்கா? ஒண்ணு காட்டுங்க. இருபத்திரண்டு பேர் ராப்பகலா ஒழைக்கிறோம். அதனாலதான் இந்த ஊர் நிம்மதியா தூங்குது. நாங்க ஒரு நாள் கண்ண மூடுனா என்ன ஆகும்? எங்களுக்கே தெரியாது. ஏன்னா நாங்க மூடுனதே இல்ல."

மேசைக்கு அருகே கட்டில் ஒன்றும் தலையணையும் இருந்தன.

சான்றுப் படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். ஏழாவது கட்டம்: 'சுரண்டி எடுத்த எடை'.

"படகச் சுரண்டணும். சுரண்டுன கொட்டலசை நிறுத்து இங்க எழுதணும். அப்புறந்தான் படகு சுத்தமாச்சுன்னு நான் கையெழுத்துப் போட முடியும்."

"ஒண்ணுமே இல்லாத படகுல எதைச் சார் சுரண்டுறது? பூஜ்யம்னு எழுதிருங்க."

"பூஜ்யம்னா சுரண்டலன்னு அர்த்தம். சுரண்டலன்னா சுத்தம் பண்ணலன்னு அர்த்தம். சுத்தம் பண்ணாத படகுக்கு நான் எப்படிச் சான்று குடுப்பேன்? ஒரு உசுரு ஏறப்போற படகு. வயித்துப்பிள்ளைக்காரி."

"காலியா விட்டா?"

"காலியா விட்ட படிவத்த வாங்க மாட்டோம்."

கீழே இறங்கும்போது காசிமாயன் பின்னாலேயே வந்தார். "அம்புட்டுத்தான மாப்ள. எடைதானே கேக்குறாரு. ஒரு எடையக் கொண்டாந்து குடுத்துரு."

புரட்டாசியில் ஒரு சாக்குப் பையோடு தொண்டிக்குப் பஸ் ஏறினேன்.

கரையில் ஒருவர் தன் படகை மணலில் ஏற்றிக் கவிழ்த்து அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடி முழுக்க விரற்கடை உயரத்துக்குக் கொட்டலசு. பக்கத்தில் ஓலைத் தீ எரிந்தது. தகரத்தில் புன்னை எண்ணெய் இருந்தது. சுரண்டி, ஓலை கொளுத்தி வாட்டி, எண்ணெய் பூசுவார்களாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கையெல்லாம் கீறல். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதையா? இதுவா வேணும்?"

"ஆமாங்க. ஒன்றரைக் கிலோ."

"வாப்பா காலத்துல இருந்து இதோட மாரடிக்கிறோம். வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். அள்ளிக்கிட்டுப் போங்க." பிறகு சந்தேகம் வந்தவராக, "எதுக்கு? மருந்துக்கா?"

"மதுரையில இதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு. இது படகுல ஒட்டாமப் பாத்துக்கிறதுக்கு."

"மதுரையிலயா?" அவர் கடலை ஒருமுறை பார்த்தார். என்னையும் பார்த்தார். "ஓ, அவுகளா. ஒருக்கா ஜீப்புல வந்தாக. மணல்ல செருப்பு பொதையுதுன்னு திரும்பிட்டாக."

சாக்கைக் கட்டிக்கொடுக்கும்போது சொன்னார்: "இதக் கொல்லுறதுக்கு ஆபீஸ் எதுக்குண்ணே? படகக் கொண்டுபோயி பத்து நாள் நல்ல தண்ணியில நிறுத்துனா தன்னால செத்து உதுந்துரும். எங்களுக்குப் பக்கத்துல ஆறு இல்ல. ஒங்களுக்குக் கண்மாய் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன்.

சாக்கை மேசை மேல் அவிழ்த்தபோது மண்டல அலுவலர் நாற்காலியோடு பின்னால் போனார். நாற்றம் ஒரு காரணம். இன்னொன்று, அவர் கொட்டலசைப் பார்த்ததில்லை.

"இதான் அதுவா?" என்று கேட்டார்.

"ஆமா சார். சுரண்டி எடுத்தது." எந்தப் படகு என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

கீழே மண்டியிலிருந்து வெல்லத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தார்கள். ஒரு கிலோ நானூற்று ஐம்பது கிராம். ஏழாவது கட்டத்தில் எழுதினார்கள். காசிமாயன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்த அலுவலர் அப்படியே நின்றார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஒன்பது வருடத்தில் அவருக்கு இப்படி ஒன்று வாய்த்ததில்லை.

"காசிமாயன், இது சான்று விஷயம் இல்ல. மெட்ராஸுக்குத் தந்தி குடுங்க."

ஐப்பசி முதல் வாரம் முற்றத்தில் விழா. பந்தல் போட்டு, படகுக்கு மாலை போட்டிருந்தார்கள். கொட்டலசு கண்ணாடிப் பெட்டியில் பட்டுத் துணி மேல் இருந்தது. சென்னையிலிருந்து வாரியத்தின் தலைவர் வந்திருந்தார். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் பேசினார். "கடலே இல்லாத ஊரில் மதுரை மண்டலம் கொட்டலசைக் கண்டுபிடித்திருக்கிறது. கடல் இருக்கும் ஊரில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். மீனவர்கள்கூடக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். இல்லாத இடத்தில் கண்டுபிடிப்பதற்குத்தான் அரசாங்கம் வேண்டும். இத்தனை நாள் இந்த அலுவலகம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இன்று நாமே வியக்கும்படி விடை கிடைத்துவிட்டது. வில்லாபுரத்தில் நமக்குச் சொந்தக் கட்டடம் எழும். அந்தக் கட்டடத்தின் அடியில் கொட்டலசு ஒட்டாது என்று நான் உறுதி கூறுகிறேன்."

கைதட்டினார்கள். பிறகு மண்டல அலுவலர் உத்தரவைப் படித்தார். பாதிக்கப்பட்ட படகு தொண்ணூறு நாள் தனிமையில் வைக்கப்படும். அதுவரை யாரும் தொடக் கூடாது. சின்னான் படகைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி அரக்கு முத்திரை வைத்தார். நாய் குட்டிகளோடு வெளியே வந்து உட்கார்ந்தது.

தொண்ணூறு நாள் என்றால் தை. நான் எழுந்து மேடைக்குப் போனேன்.

"சார், பொய் சொல்லிட்டேன். அது இந்தப் படகுல எடுத்தது இல்ல. தொண்டியில அள்ளிக்கிட்டு வந்தது."

மண்டல அலுவலர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். கோபப்படவில்லை. உண்மையான கவலையோடு கேட்டார்.

"அப்ப தொண்டியிலயும் இருக்கா?"

"அங்க மட்டுந்தான் சார் இருக்கு. கடல்ல."

சிறிது நேரம் யோசித்தார். "தொண்டி எங்க எல்லையில வராது. வராத எடத்துல இருந்து வந்த பொருள நாங்க பதிவு பண்ண முடியாது. பதிவானது மதுரை. எடை எழுதியாச்சு. தலைவர் பேசியாச்சு. பேசுனத எப்படித் தம்பி சுரண்டுறது?"

"சார், கார்த்திகையில பிரசவம். போன வருசம் இதே மாதிரி..." பந்தலுக்குப் பின்னாலிருந்து காசிமாயன் வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மாசம்?" என்றார் அலுவலர்.

"எட்டு சார்."

"பாத்தீங்களா. இன்னும் நேரம் இருக்கு."

கார்த்திகை ஒன்பதாம் தேதி இருளாயிக்கு வலி கண்டது. நான்கு நாளாக மழை. ஓடையில் மரம் உருண்டு போயிற்று. கண்மாய் கரை தட்டி நின்றது. முனியாயிதான் எங்கள் ஊரில் பிரசவம் பார்ப்பாள். காலையில் உள்ளே போனவள் பத்து மணிக்கு வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பிள்ளை குறுக்க கெடக்கு. அக்காளுக்குக் கெடந்த மாதிரியே."

மலையாண்டி திண்டாடிப்போய் நின்றான். "சகலை, நாம போயி அந்தப் படகத் தூக்கியாந்துருவோம். முத்திரையாவது மயிராவது."

"படகு அந்தக் கரைக்கு அங்கிட்டு மதுரையில இருக்கு. நாம இங்கிட்டு இருக்கோம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். கரும்பாலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும் கொப்பரை கவிழ்த்துக் கிடந்தது. நாலு முழம் அகலம். அடி முழுக்கக் கரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

ஆறு பேர் சேர்ந்து உருட்டிவந்து தண்ணீரில் விட்டோம். மிதந்தது. வைக்கோல் பரப்பி, சாக்கு விரித்து இருளாயியை உட்கார வைத்தோம். முனியாயி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் ஒரு செம்போடு ஏறினேன், தண்ணீரை இறைக்க. மலையாண்டியும் மூன்று பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள்.

கொப்பரைக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. போக வேண்டிய கரை ஒருமுறை தெரியும், விட்டுவந்த கரை ஒருமுறை தெரியும். சுற்றிக்கொண்டே போனோம்.

"இனிப்புக் காச்சுற சட்டியில போறோம்டி. ஒம் மகன் வாயத் தொறந்தா தேனா ஒழுகும் பாரு," என்றாள் முனியாயி.

"இவன் ஒழுங்கா வெளிய வந்தாப் போதும் பெரியாத்தா," என்று பல்லைக் கடித்தாள் இருளாயி. பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சான், அக்காவ இந்தக் கரையிலதான எறக்கி வச்சீக?"

நான் இறைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க மச்சான்."

"அந்தா, அந்த ஆலமரத்துக்கிட்ட. பாக்காத. அங்கிட்டுப் பாரு."

கொப்பரை சுற்றியது. அவள் மேலூர்ப் பக்கம் பார்த்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. அக்கரையில் மலையாண்டி வாந்தி எடுத்தான், குடித்த தண்ணீர் முழுவதையும். ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. மேலூர் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மறுநாள் கரைக்கு வந்து கொப்பரையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். கொட்டலசு ஏதும் இல்லை.

தை மாதம் கடிதம் வந்தது. தனிமைக் காலம் முடிந்தது. சான்று தயார். பயனாளி நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும்.

அடுத்த மழைக்குப் பிள்ளை பெறக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் இருளாயியிடம் கேட்டேன். "அக்கா பேருல ரேகை வைக்கணுமா?" என்றாள். பிள்ளையை மடியில் மாற்றிக் கிடத்தினாள். "வைக்கிறேன் மச்சான். கேட்டா நாந்தான் தங்கப்பொண்ணு." பிள்ளையை விட்டுவர முடியாது. எடுத்துக்கொண்டு போனோம்.

மண்டல அலுவலர் மை ஒற்றியை முன்னால் தள்ளினார். இருளாயி கட்டைவிரலை நீட்டினாள். பிள்ளை அழுதது.

அலுவலர் எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"எம் பிள்ளைங்கய்யா."

"எப்பப் பொறந்துச்சு?"

"கார்த்திகையில."

கோப்பைப் புரட்டினார். எட்டு மாதம் என்ற இடத்தில் விரலை வைத்தார். பிள்ளையைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார். வருத்தத்தோடு பேனாவை மூடினார்.

"ஏம்மா, மொதல்லயே சொல்லக் கூடாதா? இது கர்ப்பிணிகளுக்கான படகு. ஒனக்குத்தான் பிரசவம் ஆயிருச்சே. இனி எதுக்குப் படகு?"

காசிமாயன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அலுவலர் கை காட்டி நிறுத்திவிட்டுச் சொல்லச் சொல்ல அவரையே எழுத வைத்தார். காசிமாயனின் எழுத்து கோணலாக விழுந்தது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது.

'பயனாளி திருமதி தங்கப்பொண்ணு ஆண் குழந்தையை ஈன்று, தாயும் சேயும் நலமாக உள்ளனர். நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது. படகின் தேவை எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.'

கீழே வந்தோம். இருளாயி படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். படகு முற்றத்தில் இருந்தது. அடுத்த கர்ப்பிணி மனுப் போட்டால் ஒன்றாம் நம்பரிலிருந்து வரும். நான் மறுபடி மாடி ஏறினேன். காசிமாயன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"விடு மாப்ள. அடுத்த தடவ பாத்துக்குவோம். கண்மாய்லதேன் கொப்பர இருக்குல்ல."

"அதுக்கு வரலண்ணே. கடைசியா எழுதுன தாளு. அதுல ஒரு நகல் வேணும்."

அவர் கோப்பைக் கட்டி வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து நகல் கோரும் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். கோப்பு எண் எழுதினேன். கடைசிக் கட்டம்: 'நகல் எதற்காகத் தேவைப்படுகிறது'.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே எருமைகள் ஆற்றைக் கடந்தன. பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன்.

காலியாக விட்ட படிவத்தை வாங்க மாட்டார்கள். காசிமாயன் வாங்கிக்கொண்டார்.